பரணில் கிடக்கும் புல்லர்: ஒரு தடவை வேலைக்கு ஸ்பெஷல் டூல் வாங்கலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா விட்டுப்போன வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350, மனைவி ஓட்டும் ஆக்டிவா, ஒரு பழைய ஸ்விஃப்ட் டீசல். மூன்றையும் வீட்டு வாசலிலேயே பிரித்து மாட்டும் பழக்கமுள்ளவர். புல்லட்டுக்காக வாங்கிய, இறுகிய கிளட்ச் சென்டரை இழுத்துக் கழற்றும் புல்லர் ஒரு நாள் வேலை செய்துவிட்டுப் பரணுக்குப் போய்விட்டது. இப்போது ஆக்டிவாவுக்கு மேக்னட் புல்லர், டைமிங் செயின் சத்தம் போடும் ஸ்விஃப்ட்டுக்கு டைமிங் லாக் கிட், அதன் முன்பக்க ஷாக் அப்சார்பருக்கு ஸ்பிரிங்கை அமுக்கும் கம்ப்ரெஸர் என்று பட்டியல் நீள்கிறது. "வாங்கினால் வீட்டில் திட்டு, வாங்காவிட்டால் வேலை நிற்கிறது. எதை வாங்க, எதை விட?" இதுதான் கேள்வி.

தம்பி, "எத்தனை தடவை பயன்படும்?" என்றுதான் எல்லாரும் கணக்கை ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கணக்கில் எந்த ஸ்பெஷல் டூலும் தேறாது. நான் பார்ப்பது வேறு இரண்டு விஷயம். அந்த டூல் இல்லாமல் கைவைத்தால் எது உடையும்? அந்தப் பார்ட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போக முடியுமா? எடுத்துப்போக முடிகிற எதற்கும் டூல் வாங்கத் தேவையில்லை, டூல் வைத்திருப்பவரிடம் பார்ட்டைக் கொண்டுபோனால் போதும். வண்டியை விட்டு வராது, தப்பாகக் கைவைத்தால் எஞ்சினின் கிராங்க் தண்டே போய்விடும் என்ற இடத்துக்கு மட்டும் சொந்தமாக வாங்குங்கள்.

நீங்கள் பார்க்கும் வீடியோக்களில் பாதி அமெரிக்காக்காரர்கள் போடுவது. அங்கே உதிரிபாகக் கடையே டெபாசிட் வாங்கிக்கொண்டு புல்லரையும் கம்ப்ரெஸரையும் இரவல் தரும், திருப்பிக் கொடுத்தால் பணம் வந்துவிடும். இங்கே கடைக்காரரிடம் அப்படிக் கேட்டுப் பாருங்கள், ஏற இறங்கப் பார்ப்பார். ஆனால் அங்கே இல்லாத ஒன்று நமக்கு உண்டு. 1940-களின் கடைசியில் எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்ட ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ்தான் பிற்பாடு அசோக் லேலண்ட் ஆனது. 1955 வாக்கில் திருவொற்றியூரில் புல்லட் வந்தது. இரண்டையும் ஒட்டி வளர்ந்த லேத் பட்டறை, வெல்டிங் கடை, பேரிங்கை அமுக்கி ஏற்றி இறக்கும் ப்ரெஸ் வைத்திருப்பவர், கிராங்க் வேலைக்காரர் எல்லாம் ராயபுரத்திலிருந்து வியாசர்பாடி வரை சந்து சந்தாக இருக்கிறார்கள். மொத்த வண்டியையும் கொண்டுபோய் நிறுத்தினால் மொத்த வேலைக்கும் கூலி. கழற்றிய பார்ட்டை மட்டும் நீட்டினால் அந்த ஒரு அமுக்கலுக்கு மட்டும் கூலி. வீட்டில் வேலை செய்கிறவனுக்கு மிச்சமாவது இந்த இடத்தில்தான்.

வீல் பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று உள்ளிருந்து பிடித்து இழுக்கும் புல்லர் செட் விற்கிறார்கள், பார்க்கவும் அழகாக இருக்கும். வேண்டாம். வீலைக் கழற்றி ஆட்டோவில் வைத்துக்கொண்டு ப்ரெஸ் கடைக்குப் போங்கள். வீட்டிலேயே செய்தாக வேண்டும் என்றால் ஹப்பைச் சுடவையுங்கள். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளர்ந்துவிடும். புது பேரிங்கை முந்தின ராத்திரியே ஃப்ரீஸரில் போட்டு வையுங்கள். உட்காரவைக்கும்போது தட்டுவதற்குப் பழைய பேரிங்கின் வெளி வளையமே டூல். அதன் வெளிப்பக்கத்தை கிரைண்டரில் லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதுவும் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். உள் வளையத்தில் மட்டும் தட்டவே தட்டாதீர்கள், புது பேரிங் அன்றைக்கே சத்தம் போட ஆரம்பிக்கும்.

ஆக்டிவாவில் பெல்ட்டை ஓட்டும் முன் புல்லியான வேரியேட்டரின் நட்டுக்கு ஹோல்டர் வாங்கச் சொல்லி வீடியோவில் காட்டுவார்கள். கவரைக் கழற்றிவிட்டு வண்டியைப் பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். நட்டு கழற்றும் காற்று கன் வைத்திருப்பவர் ஒரு நொடியில் கழற்றிவிடுவார், ஹோல்டர் பிடிக்கவே தேவையில்லை. கழற்றுவதற்கு மட்டும்தான் கன். திரும்ப இறுக்கும்போது அவரே கன்னை நீட்டுவார், "இருக்கட்டும்ணே, நான் பாத்துக்குறேன்" என்று நாசூக்காகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கன்னில் முறுக்கிய நட்டு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

மேக்னட் புல்லர் கதை வேறு. இதை வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். மேக்னட் என்பது கரண்ட் எடுக்கும் காந்தச் சக்கரம், கிராங்க்கின் கூம்பு முனையில் இறுகி உட்கார்ந்திருக்கும். வண்டியை விட்டு வராது. புல்லர் இல்லாதவர்கள் செய்வது என்ன? இரண்டு பக்கமும் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்புவது, சுத்தியலால் விளிம்பில் தட்டுவது. தட்டினால் உள்ளே ஒட்டியிருக்கும் காந்தம் விரிசல் விடும், நெம்பினால் உள்ளிருக்கும் கம்பிச் சுருள் நசுங்கும், எல்லாவற்றுக்கும் மேல் கிராங்க் முனை கோணும். சில நூறு ரூபாய்ச் சாமானுக்குப் பதில் எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும்.

வாங்கும்போது கடைக்காரரிடம் "ஆக்டிவாவுக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள், எந்த வருஷ வண்டி என்றும் சொல்லுங்கள். மாடலுக்கு மாடல் மரை மாறும், சில வண்டியில் எதிர்ப்பக்கம் சுற்றி இறுகும் இடது மரை. முடிந்தால் மேக்னட் மரையைப் பக்கத்திலிருந்து போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். வேலையில் இறங்குமுன் பழைய டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்து மேக்னட்டின் உள்மரையைச் சுத்தமாகத் தேய்த்துவிடுங்கள். அங்கே எண்ணெயும் மண்ணும் கெட்டியாகி அடைந்திருக்கும். புல்லரைக் கையாலேயே கடைசி வரை ஏற்றுங்கள். ஸ்பேனர் போட்டுத்தான் ஏறுகிறது என்றால் மரை மாறியிருக்கிறது, உடனே நிறுத்துங்கள். மூன்று சுற்று மட்டும் பிடித்த நிலையில் நடு போல்ட்டை முறுக்கினால் அந்த மூன்று சுற்றும் வழித்துக்கொண்டு வந்துவிடும், பிறகு எந்தப் புல்லரும் அதில் நிற்காது. முழுதாக ஏறியபின் நடு போல்ட்டின் நுனியில் கொஞ்சம் கிரீஸ் தொட்டு முறுக்குங்கள். நன்றாக இறுகியதும் போல்ட்டின் தலையில், மேக்னட்டில் இல்லை, போல்ட் தலையில், சுத்தியலால் ஒரு தட்டு. "டக்" என்று விட்டுவிடும். மேக்னட்டுக்கும் கிராங்க்குக்கும் நடுவில் இருந்த சின்ன கீ எங்கே விழுந்தது என்று பாருங்கள். அந்தத் துண்டு இரும்பு காந்தத்தில் ஒட்டிக்கொண்டு காணாமல் போவது வழக்கம்.

இதிலிருந்து ஒன்று புரிந்திருக்கும். ஒரு தடவைதானே என்று இருப்பதிலேயே மட்டமானதை வாங்குவது எல்லா டூலுக்கும் சரிவராது. புல்லர் மாதிரி டூலுக்கு ஆயுளிலேயே பெரிய பாரம் அந்த ஒரு தடவைதான். மெத்து இரும்பில் மரை போட்டு முலாம் பூசியதை மாட்டினால் முதல் முறுக்கிலேயே போகும், போகும்போது எதிர் மரையையும் கூட்டிக்கொண்டு போகும். மட்டமானது தாங்கும் இடங்களும் உண்டு. சி ஸ்பேனர், ஆயில் ஃபில்டர் கழற்றும் பெல்ட், ஃபீலர் கேஜ் எல்லாம் எந்தக் கடையில் எடுத்தாலும் ஒரு தலைமுறை ஓடும்.

கடை என்றதும் புதுப்பேட்டைதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அது உதிரிபாகத்துக்கு. டூலுக்கு நமக்குப் பக்கம் பாரிமுனை. பிராட்வே, லிங்கி செட்டி தெரு, செம்புதாஸ் தெரு என்று ஒரு நடை நடந்தால் டபாரியா, ஜலானி முதல் பெயரே இல்லாத சரக்கு வரை கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். மதியத்துக்கு முன்னால் போங்கள். சாயங்காலம் சரக்கை வண்டியில் ஏற்றுகிற அவசரத்தில் உங்கள் ஒற்றைப் புல்லருக்கு யாரும் பெட்டியைப் பிரிக்க மாட்டார்கள். பார்சலில் வரவழைத்தால் மரை சரியில்லை என்று தெரிவதற்குள் எஞ்சின் ஒரு வாரம் திறந்து கிடக்கும்.

கடையில் கிடைக்காத டூல் என்றால் லேத். புல்லட்டுக்கு இது அடிக்கடி நடக்கும். நோட்டில் அளவு எழுதி எடுத்துக்கொண்டு போவீர்கள், பட்டறைக்காரர் அதைப் பார்க்கவே மாட்டார். "அளவு கெடக்கட்டும்பா, பார்ட்டு எங்க? அத்த எட்தா" என்பார். அவர் சொல்வதுதான் சரி. நாம் வெர்னியர் வைத்து எடுத்த அளவைவிட, எதில் மாட்டப்போகிறதோ அதையே கையில் கொடுத்தால் மரைக்கு மரை இருக்கும் இடைவெளியை அவர் கேஜ் வைத்துப் பார்த்துக்கொள்வார். ஈ.என். 8 என்ற கெட்டி இரும்பு ராடில் போடச் சொல்லுங்கள், சாதா மைல்ட் ஸ்டீல் இழுப்புக்கு நிற்காது. முடித்ததும் அங்கேயே கையால் மாட்டி ஏற்றிப் பார்த்துவிட்டு மெஷினிலிருந்து இறக்கச் சொல்லுங்கள். இறக்கியபின் அதே மரையில் திரும்பப் பிடிப்பது அவருக்கும் தலைவலி.

புல்லட் பேச்சு வந்ததால் உங்கள் பரணில் இருப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த கிளட்ச் சென்டர் புல்லரை விற்காதீர்கள். வார்ப்பிரும்பு புல்லட் வைத்திருக்கும் வரை அது திரும்பத் தேவைப்படும், எஞ்சினிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும் பிரைமரி செயினைக் கழற்றுவதென்றால் அது இல்லாமல் நடக்காது. டைமிங் பக்கம் கைவைக்கப் போகிறீர்கள் என்றால் அங்குள்ள பல்சக்கரத்தை இழுக்கும் பினியன் புல்லர் ஒன்று வேண்டியிருக்கும், அதையும் புல்லட் மெக்கானிக்கிடம் ஒரு நாள் கேட்டு வாங்கலாம். ஆயில் பம்பை ஓட்டும் வார்ம் நட்டு இடது மரை. தெரியாமல் வழக்கம்போலக் கழற்றப் போனால் இறுக்கிக்கொண்டே போவீர்கள்.

புல்லட்டுக்கு உண்மையில் வாங்கவேண்டியது விட்வொர்த் என்ற பழைய இங்கிலாந்து அளவு ஸ்பேனர். பழைய புல்லட் இங்கிலாந்து வடிவமைப்பு, மில்லிமீட்டர் ஸ்பேனர் எல்லா நட்டிலும் உட்காராது. கால் இஞ்ச் விட்வொர்த் போல்ட்டின் நட்டுக்கு ஸ்பேனர் வாய் 13.3 மில்லிமீட்டர். 13 ஸ்பேனர் ஏறாது, 14 ஆடும். ஆடும் ஸ்பேனரில் நாலு மெக்கானிக் கை வைத்தால் ஆறுமூலை நட்டு வட்டமாகிவிடும், தெருவில் ஓடும் பாதி புல்லட் அந்த நிலையில்தான் இருக்கிறது. 5/16 விட்வொர்த் 15.2, 3/8 விட்வொர்த் 18. கடைசி ஒன்றுக்கு மட்டும் உங்களிடம் இருக்கும் 18 சரியாக வரும். ஸ்பெஷல் டூல் மாதிரித் தெரியும், ஆனால் அந்த வண்டியைத் தொடும்போதெல்லாம் கைக்கு வரும். புதிதாக எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. பழைய இரும்புச் சாமான் கடையில் கிளறினால் அகப்படும், அப்படி அகப்படுவது பெரும்பாலும் நல்ல இரும்பு.

வாங்கவே தேவையில்லாத, வீட்டிலேயே ஆகிற டூல்களும் உண்டு. புல்லட் 350-க்கு சிலிண்டர் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். அதற்குள் பிஸ்டனை இறக்க ரிங்கை அமுக்கும் கம்ப்ரெஸர் வேண்டாம், ஒரு தகரப் பட்டையும் பெரிய ஹோஸ் க்ளிப்பும் போதும், உள்ளே ஆயில் பூசிக்கொள்ளுங்கள். ஃபோர்க் ஆயில் சீல் அடிக்க டியூபுக்குத் தக்க பிவிசி பைப் துண்டு, வெட்டு மட்டும் நேராக இருக்க வேண்டும். கிளட்ச் பிடிக்க, கழித்துப்போட்ட பழைய கிளட்ச் பிளேட்டில் ஒரு இரும்புப் பட்டையை வெல்டிங் அடித்தால் கைப்பிடி வைத்த ஹோல்டர். கம்பெனி டூலுக்கும் இதற்கும் வேலையில் வித்தியாசம் இல்லை.

அந்தத் தைரியத்தில் ஸ்பிரிங்கிலும் கைவைத்துவிடாதீர்கள். ஸ்விஃப்ட்டின் முன்பக்க ஷாக்கில் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் பூட்டியிருக்கிறது. மேல் நட்டைக் கழற்றுமுன் அதை இன்னும் அமுக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள். மில்லிமீட்டருக்கு 2 கிலோ வீதம் எதிர்க்கும் ஒரு ஸ்பிரிங்கை 15 சென்டிமீட்டர் அமுக்கினால் கடைசியில் அது 300 கிலோ பலத்தோடு நிற்கும். கொக்கி வழுக்கினால் வெளியே வரும் சக்தி 22 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டதற்குச் சமம். அது கீழே விழாது, நட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவர் முகத்துக்கு வரும். கயிறு கட்டி, மரை ராட் போட்டு அமுக்குவதையெல்லாம் நானும் பார்த்திருக்கிறேன். வேண்டாம். மலிவான கொக்கி கம்ப்ரெஸரும் வேண்டாம். ஷாக்கை ஸ்பிரிங்கோடு மொத்தமாக வண்டியிலிருந்து கழற்றுவது வீட்டிலேயே ஆகும், அதற்கு ஸ்பேனர் போதும். இரண்டு பக்க ஷாக்கையும் கோணியில் போட்டு, ஸ்டாண்டில் நிற்கும் கம்ப்ரெஸர் வைத்திருக்கும் சஸ்பென்ஷன் கடையில் கொடுங்கள். ஸ்பிரிங், மவுண்ட், பேரிங் மாற்றி அப்படியே தருவார்கள். கொண்டுவந்து மாட்டிக்கொள்ளுங்கள். பிறகு வீல் அலைன்மென்ட் பார்ப்பதை மறக்கவேண்டாம்.

டைமிங் லாக் கிட் வாங்காதீர்கள். சில ஆயிரம் ரூபாய் என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் 1.3 டீசல் ஃபியட் வடிவமைத்த எஞ்சின். அதே குடும்பம்தான் ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று பல வண்டியில் ஓடியது. மாருதி 2020 ஏப்ரலில், பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி வந்தபோது, டீசலையே விட்டுவிட்டது. ஆக, அந்தக் கிட்டை ஏற்கெனவே வாங்கி, பல எஞ்சினில் பழகிய ஆள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்களுக்கோ அது ஆயுளில் ஒரு தடவை. கிட் செய்வது கேம் ஷாஃப்ட்டையும் கிராங்க்கையும் அசையாமல் பிடிப்பது மட்டும்தான். மிச்ச வேலை முழுக்க அனுபவம். பல் தள்ளி மாட்டினால் பிஸ்டன் வால்வில் மோதலாம், மோதினால் எஞ்சின் ஹெட்டையே கழற்ற வேண்டி வரும். அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். செயின் சத்தம் என்கிறீர்களே, அந்தச் செயினை இறுக்கிப் பிடிப்பது ஆயில் பிரஷரில் வேலை செய்யும் டென்ஷனர். ஆயில் குறைந்திருந்தாலும் மாற்றாமல் கறுத்துப் போயிருந்தாலும் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் கடகடக்கும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் வேலையே இல்லை. நிற்காவிட்டால் தள்ளிப்போடாமல் ஆளிடம் விடுங்கள்.

வைத்த அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ரெஞ்ச் உங்கள் பட்டியலில் இல்லையே என்று ஆச்சரியமாக இருக்கிறது. அதை அபூர்வ டூல் என்று ஒதுக்கிவைத்திருக்கிறீர்கள் போல. மூன்று வண்டிக்கும் தினப்படி டூல் அதுதான். ஆனால் கார்க்காரர்கள் வைத்திருக்கும் அரை இஞ்ச் டிரைவ் ரெஞ்ச் 40 நியூட்டன் மீட்டருக்குக் கீழே பெரும்பாலும் போகாது. இரண்டு சக்கர வண்டியில் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 பக்கம்தான் வேண்டும். பெரியதைப் போட்டால் அளவு வந்தது என்று சொல்லும் "கிளிக்" வருமுன் போல்ட் அறுந்து எஞ்சினுக்குள் நிற்கும். முதலில் சின்னதை வாங்குங்கள். கார் வீல் நட்டுக்குப் பெரியதை நண்பரிடம் கேட்டுக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் அதில் இருப்பதிலேயே குறைந்த அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். அதை வைத்து நட்டைக் கழற்றாதீர்கள்.

ஸ்விஃப்ட்டுக்கு ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கி வைத்திருந்தால் எஞ்சின் விளக்கு எரியும்போது கடைக்கு ஓடாமல் என்ன கோளாறு என்று சொல்லும் எரர் கோடைப் படிக்கலாம், அது போதும். ஏபிஎஸ், ஏர்பேக் கோடெல்லாம் மலிவான ஸ்கேனரில் வராது. வண்டியிலேயே செருகி விட்டுவிடாதீர்கள், பேட்டரியை உறிஞ்சும்.

கடைசியாகப் பரண். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்று படும் நம் பக்கத்தில் டூலை வாங்குவதைவிட வைத்திருப்பது கஷ்டம். ஒரு வருஷம் தொடாத புல்லரின் மரையில் துருவின் செம்புள்ளி வந்திருக்கும், அதோடு மாட்டினால் எதிர் மரையை ராவும். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் மண்ணெண்ணெயில் கழுவி, எஞ்சின் ஆயில் தடவி, ஆயிலில் நனைத்த துணியில் சுற்றி பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். நியூஸ்பேப்பர் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதில் சுற்ற வேண்டாம். டப்பாவின்மேல் எந்த வண்டி, எந்த மரை என்று பெயிண்டில் எழுதுங்கள். பரண் என்பதே நல்ல இடம்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தரையில் டூல் பெட்டி வைத்திருந்தவர்கள் எல்லாம் அள்ளிக் கொட்டிக் காயவைத்தார்கள். வெள்ளத்தில் மூழ்கிய ஸ்பேனரை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து ஆயில் போட்டால் பிழைத்துவிடும். டார்க் ரெஞ்ச் மூழ்கினால் அளவு சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்காமல் நம்பாதீர்கள்.

இரவல் கேட்டு வருவார்கள். புல்லர் வகையை நான் கையில் கொடுப்பதில்லை, "வண்டியக் கொண்டா, நானே கழட்டித் தரேன்" என்பேன். கொடுத்தால் திரும்பி வராது என்ற பயம் பாதி, மரை வழித்த பின் திரும்பி வரும் என்ற பயம் மீதி. நீங்கள் அடுத்தவரிடம் கேட்டு வாங்கினால் கழுவி ஆயில் போட்டு அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். மேக்னட் புல்லரை வாங்கி ஆக்டிவா வேலை முடிந்தபின், இனி தேவைப்படாது என்று தோன்றினால், தெருமுனை மெக்கானிக்கிடம் பாதி விலைக்குக் கொடுத்துப் பாருங்கள். அவருடையது ஏற்கெனவே மரை தேய்ந்திருக்கும், வாங்கிக்கொள்வார். அடுத்த தடவை உங்களுக்கு வேண்டும்போது அங்கேயே இருக்கும்.